உறையாத நீரில் ஒரு புள்ளி

விதி இப்படிச் சொல்கிறது. நோர்வே நாட்டில் எரியூட்டப்பட்ட ஒருவரின் சாம்பலை நீரில் தூவ விரும்பினால், இறுதிச் சடங்கைப் பொறுப்பேற்றவர் மாகாண அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சாம்பலைப் பங்கு பிரிக்கக் கூடாது. இடம் திறந்த கடலாக இருக்க வேண்டும். கரையோரமும், மக்கள் படகோட்டிப் பொழுதுபோக்கும் நீரும் ஆகா. கடல் நிலத்துக்குள் கைபோல நீண்டு புகுந்த நுழைகழியாயின், அதில் கடலைப்போல அகன்று கிடக்கும் பகுதியைக் கடலாகக் கொள்ளலாம். ஆறு மாதங்களுக்குள் அனுமதி கிடைக்காவிட்டால் கலசத்தை மயானத்து மண்ணில் புதைத்துவிட வேண்டும்.

நேர்த்தியான விதி. கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், காணிப் பகுதியில் என் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். இத்தனை தெளிவான சுற்றறிக்கை ஒன்று என் மேசைக்கு வந்திருந்தால் ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருப்பேன். இந்த விதி எங்கள் விடயத்தில் முதல் தடவையிலேயே பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தாமற் போனதற்கு நோர்வே அரசு காரணமல்ல. எங்கள் ஊரான பாலையூற்றில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து, சிவப்புப் பேனையால், நாங்கள் இட்ட ஒரு புள்ளிதான் காரணம்.

என் வேலிக்கு அடுத்த வேலியில் ஒரு பெண் இருக்கிறார்; தெருவில் எல்லோருக்கும் அவர் அக்கா. நகரச் சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவர். கணவர் இல்லை, மகள் கட்டிக்கொண்டு புல்மோட்டைப் பக்கம் போய்விட்டாள். ஒரே தம்பி யுத்த காலத்தில் இங்கிருந்து புறப்பட்டு, பல நாடுகளில் அலைக்கழிந்து, கடைசியில் நோர்வேயின் வட நுனியில் ஒரு மீன் தொழிற்சாலையில் போய் நின்றவர். அங்கிருந்து அவர் அசையவே இல்லை. கலியாணமும் செய்யவில்லை. தன்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்தவர் ஒருவரோடு ஒரே வீட்டில் இருந்தார்; இருவரும் சேர்ந்து சிறு படகொன்றும் வாங்கினார்கள். போன ஐப்பசியில், வேலைக்குப் போக சப்பாத்துப் போடும்போது நெஞ்சு நின்றுபோனது. எரிக்கும் வசதி அந்த ஊரில் இல்லை. உடல் வேறொரு பட்டினத்துக்குப் போய்ச் சாம்பலாகத் திரும்பியது.

அந்த நண்பர்தான் தொலைபேசியில் விதியை விளக்கினார். அக்கா என் வீட்டுக்கு வந்து, தொலைபேசியை மேசையில் வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு, "அண்ணை, நீங்கள் சட்டம் தெரிஞ்ச ஆள். கேளுங்கோ" என்றார். பாலையூற்றில் எனக்குக் கிடைத்திருக்கும் பதவி இதுதான். ஓய்வூதியம் எடுக்கப் போவோர், காணி உறுதி தொலைத்தோர், பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் பிழைத்தோர் எல்லோரும் என் கதிரைக்கு வருவார்கள். நோர்வேயிலிருந்து எவரும் வந்ததில்லை.

அக்காவின் எண்ணம் எளிமையானது. பாதிச் சாம்பலை இங்கே அனுப்பட்டும், பாதியை அங்கே கரைக்கட்டும். பங்கு பிரிக்கக் கூடாது என்றதும் அவர் முகம் சுருங்கியது. அப்படியானால் முழுவதும் இங்கே வரட்டும் என்றார். நண்பர் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, அவன் என்னட்டச் சொன்னவன். 'என்னைப் பெட்டியில கட்டி அனுப்பாத. நான் பிழைச்ச தண்ணியில விடு' எண்டு."

அக்கா தொலைபேசியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அவருக்குத் தம்பி மீது கோபம். உயிரோடு இருந்தபோதும் வரவில்லை, செத்தும் வரமாட்டேன் என்கிறானே என்ற கோபம். இரண்டொரு நாள் வேலிப் பக்கம் கதை இல்லை. பிறகு வந்தார். சரி, அங்கேயே இருக்கட்டும், ஆனால் மண்ணில் புதைக்கக் கூடாது, தண்ணீரில்தான் கரைய வேண்டும் என்றார். அது நடக்கும்வரை முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டியைச் செய்தாலும் செய்த மாதிரி இல்லை. கோயில் வாசலை மிதிக்கமாட்டேன் என்றும் சொன்னார். சடங்கு செய்யும் ஐயரிடமும் கேட்டிருக்கிறார். ஆறு கடலோடு சேரும் இடம் விசேஷம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவர் எங்கள் பக்கத்துக் கொட்டியாரக் குடாவையும் அதில் விழும் மகாவலி ஆற்றையும் மனதில் வைத்துச் சொன்னார். நோர்வேயை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

விண்ணப்பத்தோடு இடத்தைக் குறித்த வரைபடமும் இணைக்க வேண்டும். நான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள கொமியூனிகேஷன் கடையில் அந்த நுழைகழியின் வரைபடத்தை மூன்று தாள்களில் அச்செடுத்து ஒட்டிக்கொண்டு வந்தேன். பல்கலைக்கழகத்தில் புவியியல் சிறப்புப் படித்தவன் நான். நுழைகழி என்ற சொல்லைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து, விளக்கப் படம் வரைந்து, புள்ளி பெற்றிருக்கிறேன். அதன்பின் என் வாழ்நாளில் அந்தச் சொல் எனக்கு ஒருமுறைகூடப் பயன்பட்டதில்லை. இப்போது மேசையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை அது நீண்டு கிடந்தது.

மேலே, வடக்கில், வாய். அந்தப் பக்கம் உறைகடல் என்று பெயர் பெற்ற துருவக் கடல். அதற்கப்பால் துருவம்வரை ஊரில்லை. வாயிலிருந்து தெற்கே, நாட்டின் உடலுக்குள், ஒரு கை நீட்டிய மாதிரி நீர் போகிறது. மேற்குக் கரையில் மலை செங்குத்தாக இறங்கி, அதன் அடியில் ஒற்றைத் தெரு ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. கிழக்குக் கரை தாழ்ந்தது. மரமில்லாத மொட்டை மேடுகள். நடுவில் தீவுகள். உட்புறம் போகப் போக நீர் ஒடுங்கி, கிளை பிரிந்து, கடைசியில் ஓர் ஆறு வந்து சேரும் இடத்தில் முடிகிறது. அந்த ஆற்றுக்கு அருகில்தான் ஊர், விமான ஓடுபாதை, தேவாலயம், மயானம் எல்லாம்.

அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆறு வந்து விழும் இடத்தில் விரலை வைத்தார். "இதுதானே ஆத்துவாய்?"

"ஓம்."

"அப்ப இதில வையுங்கோ."

வைத்தேன். மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுவதைப் பார்த்து வளர்ந்த இருவர், நோர்வேயின் வரைபடத்தில் அதே இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டோம். இங்கே ஆற்றுவாய் என்றால் அதற்கப்பால் உடனே ஆழக்கடல். கொட்டியாரக் குடாவின் அடியில் பெரும் பள்ளத்தாக்கே இருக்கிறது. நீர் கரையிலிருந்து நேரே பாதாளத்துக்கு இறங்கும். நோர்வேயில் ஆறு விழுவது ஒரு நீண்ட கையின் விரல் நுனியில் என்பதும், கடல் தோள்மூட்டில் என்பதும் வரைபடத்திலேயே இருந்தது. பார்த்தோம், படிக்கவில்லை. நண்பர் விண்ணப்பத்தை அனுப்பினார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்ததாகவும், "சங்கமம்" என்று அக்கா சொன்னதும் அடங்கிவிட்டதாகவும் பின்னால் சொன்னார். தொழிற்சாலையில் மீன் பெட்டி தூக்கும் வேலை பார்த்தவர், ஐயருடைய சொல்லுக்கு முன்னால் தான் என்ன சொல்வது என்று நினைத்திருக்கிறார்.

மார்கழியில் ஒரு பின்னேரம், எங்கள் தேநீர் நேரம், நண்பர் காணொளியில் அழைத்தார். அங்கே நண்பகல். வேலை இல்லாத நாள், ஆற்றுவாய்க்குக் காரில் வந்திருக்கிறேன், அக்காவுக்கு இடத்தைக் காட்டவேண்டும் என்றார். திரையில் நீலநிற அரையிருட்டு. பக்கத்து வீட்டு மேசை விளக்கைத் துணியால் மூடிய மாதிரி ஒரு வெளிச்சம்.

"தம்பி, மத்தியானம் எண்டு சொன்னீர். சூரியன் எங்க?" என்று கேட்டேன்.

"லீவு அண்ணை. ரெண்டு மாசம். சம்பளத்தோட."

என் சேவைக் காலத்தில் அத்தகைய லீவுக்கு ஏற்பாடு இருக்கவில்லை என்று சொன்னேன். அக்கா சிரித்தார். தம்பி இறந்த பிறகு அவர் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். நண்பர் தெருவைத் திருப்பிக் காட்டினார். கொம்புள்ள பனிமான்கள் சில தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. ஒரு கார் அவற்றுக்காகக் காத்திருந்தது. அக்கா அதில் அதிசயப்படவில்லை. எங்கள் ஊரிலும் கோட்டைப் பக்கத்து மான்கள் தெருவில்தான் நிற்கின்றன, முச்சக்கரவண்டிக்காரர்தான் வழிவிடுகிறார்கள். அவர் அதிசயப்பட்டது வேறொன்றுக்கு. வழியில் மரச்சட்டங்களில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. தலை வெட்டி, வாலோடு வால் கட்டி, வெறுமனே தொங்கவிட்டிருந்தார்கள்.

"உப்புப் போடேல்லையோ?"

"உப்பே இல்லை அக்கா. குளிர்தான்."

"அவன் இதைச் சொல்ல நான் பொய் எண்டவள்." சற்று நேரம் அந்த மீனையே பார்த்தார். "புழு வைக்காதோ?"

"புழுவுக்கும் குளிருமெல்லே."

பிறகு நண்பர் கரைக்கு இறங்கினார். கடல் வற்றிப் போயிருந்தது. எங்கள் துறைமுகத்தில் கடல் முழங்காலளவு ஏறி முழங்காலளவு இறங்கும். அங்கே வெகுதூரம் பின்வாங்கிச் சேற்றைக் காட்டிவிட்டுப் போயிருந்தது. சேற்றின்மேல் பனிக்கட்டிப் பாளங்கள் சரிந்து கிடந்தன. அப்பால் நீர் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை. நண்பர் ஒரு கல்லை எடுத்து எறிந்தார். தட்டு விழுந்த மாதிரிச் சத்தம் கேட்டது.

அக்கா திரையை நெருங்கினார். "இதுதானோ நான் விரல் வைச்ச இடம்?"

"ஓம் அக்கா. இது இனிச் சித்திரை கழிஞ்சுதான் உருகும்."

"கீழ தண்ணி இருக்குமோ?"

"இருக்கும்."

"அந்தத் தண்ணி வெளியில போகுமோ, கடலுக்கு?"

நண்பருக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். நானறிந்த அலுவலகங்களில் இப்படி ஒருவரைக் காண அரிது. அக்கா என்னைப் பார்த்தார். நான் புவியியல் பட்டதாரி.

அடுத்த சில நாட்கள் பேரனின் கணினியில் உட்கார்ந்து படித்தேன். ஆண்டுகளாகத் திறக்காத மூளையின் அந்த அலுமாரியைத் திறக்கக் கொஞ்சம் பலம் தேவைப்பட்டது. நுழைகழி என்பது பனியாறு தோண்டியது. பனியாறு தன் எடையால் தரையை ஆழமாகக் குடைந்துகொண்டு போகும். களைத்து நின்ற இடங்களில் கல்லையும் மண்ணையும் வரம்பாகக் குவித்துவிட்டுப் போகும். பிறகு கடல் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். மேலிருந்து பார்ப்பவனுக்கு ஒரே நீர். அடியில் வரம்புகள், வரம்புகளுக்கிடையே பள்ளங்கள். இந்த நுழைகழியின் ஆக உள்ளே, ஒடுங்கிய கிளையில், அப்படியொரு பள்ளம் இருக்கிறது. மாரியில் மேல் நீர் குளிர்ந்து கனத்து அதற்குள் இறங்கும். இறங்கியது எளிதில் வெளியே வராது. கோடையிலும் அங்கே அடிநீர் துருவக் கடலைப்போலச் சில்லென்றே கிடக்கும். இன்னும் வடக்கே வாழும் உயிரினங்கள் அந்தப் பள்ளத்தில் மட்டும் தனியாக வாழ்கின்றன என்று எழுதியிருந்தார்கள். வெளிப்பகுதி அப்படியல்ல. அங்கே நீர் உறைவதில்லை, வாய் அகன்றது, பெருங்கடலின் நீர் வருவதும் போவதுமாக இருக்கும்.

இதை அக்காவுக்குச் சொல்லும்போது வாசற்படி மாதிரி ஒன்று நீருக்கடியில் இருக்கிறது என்றேன். அவர் கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தார்.

"குசினியைக் கழுவி விட்டா, படி உயரமெண்டா அழுக்குத் தண்ணி உள்ளுக்கதான் நிக்கும். அதுதானே சொல்லுறியள்?"

அதுதான் சொன்னேன். எனக்கு அதைச் சொல்லக் கால் மணித்தியாலம் எடுத்திருந்தது.

"அப்ப நான் அவனைப் படிக்கு இஞ்சால வைச்சிருக்கிறன்." சுளகை மறுபடி எடுத்தார். "அவன் ஒரு இடத்தில நிண்டுபோனவன் அண்ணை. முப்பது வருஷம் நிண்டவன். இனியாவது போகட்டும். அதை வாபஸ் வாங்கச் சொல்லுங்கோ."

இவ்வளவு காலமும் நான் சேர்த்த அறிவு ஒருவருக்கு உண்மையாகவே தேவைப்பட்டது அந்த இடத்தில்தான். வாபஸ் வாங்கக் கூடாது என்றேன். வாபஸ் வாங்கினால் விண்ணப்பக் கோவை மூடப்படும். புதிய விண்ணப்பம் வரிசையின் கடைசியில் போய் நிற்கும். அதற்குள் தவணை முடிந்தால் கலசம் மண்ணுக்குப் போகும். உலகத்தில் எந்த அலுவலகமாயினும் இது மாறாது. திருத்தம் என்று எழுத வேண்டும், அதே இலக்கத்தில், "ஏற்கெனவே சமர்ப்பித்ததன் தொடர்ச்சியாக" என்று தொடங்க வேண்டும். கோவை திறந்தபடி இருக்கும், வரிசையில் இடமும் பறிபோகாது.

புதிய புள்ளியை எங்கே வைப்பது என்பதில் அக்காவுக்கும் நண்பருக்கும் இழுபறி. அக்காவுக்கு வாய்க்கு வெளியே, உறைகடலிலேயே வேண்டும். ஒருமுறை பட்டவருக்கு இனிப் படி எதுவும் குறுக்கே இருக்கக் கூடாது. நண்பர் தங்கள் படகின் நீளத்தைச் சொன்னார். அக்கா கேட்கவில்லை.

"அக்கா, அங்க போனா என்னையும் சேர்த்துத்தான் கரைக்க வேணும். அதுக்கு வேற விண்ணப்பம் போடோணும்."

அக்கா இறங்கி வந்தார். எங்கள் பக்கத்தில் வாடை பெயர்ந்து கடல் கொந்தளித்த நாட்கள் அவை. சந்தைக்கு மீனே வரவில்லை. படகைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியானால் அவர்கள் இருவரும் வழக்கமாக எங்கே தொழில் செய்தார்கள் என்று கேட்டார். பெரிய தீவுகளைத் தாண்டி, மேற்குக் கரையின் ஒரு முனைக்கு வெளியே, நடு நீரில் என்றார் நண்பர். அங்கிருந்து பார்த்தால் கிழக்குக் கரை கோடாகத்தான் தெரியும். மாரியில் காற்று உள்நாட்டிலிருந்து வெளியே கடலை நோக்கி அடிக்கும்.

"அந்த இடத்தில தண்ணி ஓடுமோ?"

"ஓடுமோ? போட்ட வலையையே இழுத்துக்கொண்டு போகும். உங்கட தம்பி எத்தினை வலையைத் துலைச்சவன் எண்டு கேட்டா நீங்கள் அழுவியள்."

அக்கா அழவில்லை. "அந்த வலையெல்லாம் எங்க போயிருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

"கடலுக்குத்தான் அக்கா. வேறெங்க போறது?"

அவருக்கு அது போதுமாக இருந்தது. கருவாடு விற்பவருக்கு, அடிநீர் பற்றி நான் படித்த கட்டுரைகளைவிடத் தொலைந்த வலை நம்பகமான சாட்சி. அந்த இடத்தில் பேனையை அவரே வாங்கிப் புள்ளி வைத்தார். பெரிதாக வைத்தார், அளவுத்திட்டப்படி அது ஒரு கிராமத்தை மூடும்.

தை பிறந்து, மாகாண அலுவலகத்திலிருந்து ஒரு விளக்கக் கேள்வி வந்தது. முதலில் குறித்த இடம் எவ்வாறாயினும் ஏற்கத் தக்கதல்ல, அது கரையோரம், மீன் ஏறும் ஆற்றின் வாய். புதிய இடத்துக்கு மாற்றியதற்குக் காரணம் கூறவும். எனக்கு உற்சாகம் பிடித்தது. புவியியல், சமய வழக்கம், இரு கடற்கரைகளின் ஒப்பீடு என்று ஆங்கிலத்தில் மூன்று பக்கம் எழுதினேன். உப தலைப்புகள் இட்டேன். நண்பர் அதைப் படித்துவிட்டு மரியாதையாக, மிக மரியாதையாக, இதை அவர்கள் வாசிக்கமாட்டார்கள் அண்ணை என்றார். அவர்களுடைய மொழியில் தானே இரண்டு வரி எழுதி அனுப்பினார். இறந்தவரின் அக்கா கடலோர ஊரில் இருக்கிறார். தம்பி ஓடும் நீரில் கரைய வேண்டும் என்று கேட்கிறார். அவ்வளவுதான். என் மூன்று பக்கமும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு அமைதி. பதில் இல்லாத காலத்தை நான் மற்றப் பக்கத்திலிருந்து நன்கறிவேன். அது கோவையின் பிழையல்ல, யாரோ லீவில் இருக்கிறார்கள் என்பதுதான் பெரும்பாலும் அர்த்தம். இதை அக்காவிடம் சொல்ல முடியாது. அவர் கடையை மூடிவிட்டு வரும்போது என் வேலிப் படலையில் நின்று என்னைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன். அவர் போவார். நாளடைவில் கேள்வியும் பதிலும் அவ்வளவாகச் சுருங்கிவிட்டன. மாசியில் கோயில் கொடியேறியது. தெருவில் எல்லோரும் போனார்கள், அவர் வீட்டில் விளக்கை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார். அங்கே சூரியன் திரும்பி வந்துவிட்டது என்று நண்பர் படம் அனுப்பினார். மயான அலுவலகமும் அவரை அழைத்திருக்கிறது. தவணை நெருங்குகிறது, சுவரோரம் ஓர் இடம் ஒதுக்கி வைக்கட்டுமா, தரை இளகியதும் தோண்டலாம் என்று அன்பாகவே கேட்டிருக்கிறார்கள். நண்பர் அதை என்னிடம் மட்டும் சொன்னார். நான் அதை அக்காவிடம் சொல்லவில்லை. எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அந்த ஊர் மண் எப்படி அண்ணை?" என்று ஒருநாள் படலையில் நின்று கேட்டார். "கல்லோ, களியோ?"

தெரியாது என்றேன். படித்திருந்தேன். பனியாறு விட்டுப்போன சரளைக்கல்.

நண்பரின் அழைப்பு வந்தபோது நான் ஓய்வூதிய விடயமாக நகரத்தில் நின்றேன். அக்காவின் தொலைபேசி பதில் இல்லை என்றார். சந்தை இரைச்சலில் அது அவருக்கு ஒருபோதும் கேட்பதில்லை. நான் முச்சக்கரவண்டி பிடித்துச் சந்தைக்குப் போனேன். அக்கா கிண்ணியாவிலிருந்து வந்த ஒருவருக்கு நெத்தலி நிறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பகல் நேரத்தில் அங்கே கண்டதும் தராசைக் கீழே வைத்துவிட்டார். நான் தலையாட்டவில்லை, தொலைபேசியை நீட்டினேன். நண்பர் கடிதத்தை அவர்களுடைய மொழியில் ஒரு வரி வாசித்து, தமிழில் ஒரு வரி சொன்னார். அனுமதி வழங்கப்படுகிறது. குறித்த முனைக்கு வெளியே, திறந்த நீரில். கலசத்தைத் தவிர்த்துச் சாம்பல் மட்டும், ஒரே தடவையில். முடிந்ததும் அறிவிக்க வேண்டும்.

"நான் வைச்ச இடத்தைத்தானோ சொல்லுறாங்கள்?" என்று அக்கா கேட்டார்.

"அதே இடம் அக்கா. காத்து விட்டவுடன போறன். சனிக்கிழமை நல்லா இருக்கும் எண்டு சொல்லியிருக்கினம்."

"தனியப் போகாதையும். ஆரையும் கூட்டிக்கொண்டு போம்."

அவ்வளவுதான் சொன்னார். தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார், பிறகு முகத்தை. கிண்ணியாக்காரர் பொறுமையாக நின்றார். அக்கா தராசை மறுபடி எடுத்து, நெத்தலியை நிறுத்து, அதற்குமேல் ஒரு பிடி அள்ளிப் போட்டுக் கட்டிக்கொடுத்தார்.

நண்பர் அனுப்பிய கடிதத்தின் படியை அன்று பின்னேரமே அச்செடுத்தேன். பெற்ற திகதி இடாமல் நான் எதையும் கோவையில் சேர்த்ததில்லை. மேல்மூலையில் எழுதினேன்: மார்ச் இரண்டு, திங்கட்கிழமை.